பாகிஸ்தானில் 60 லட்சம், இந்தியாவில் 1.2 லட்சம்... உலகத்துக் கழுதைகள் எங்கே போகின்றன?

பாகிஸ்தான் அரசு ஆண்டுதோறும் ஜூன் மாதம் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிடும். அதில் ஜிடிபி, பணவீக்கம், கடன் என்று நூற்றுக்கணக்கான எண்கள் இருந்தாலும் சமூக வலைதளங்களில் வைரல் ஆவது ஒரே ஒரு எண்தான். கழுதைகளின் எண்ணிக்கை!

2024-25 அறிக்கைப்படி அங்கே 60 லட்சத்து 47 ஆயிரம் கழுதைகள். ஒரே ஆண்டில் 1 லட்சத்து 9 ஆயிரம் கூடியிருக்கிறது. "ஏற்றுமதி ஏறலை, கழுதைதான் ஏறுது" என்ற ரகத்தில் மீம்ஸ் பறக்கும். நாமும் சிரித்துவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விடுவோம்.

ஆனால் அந்த எண்ணை உலகின் மற்ற நாடுகளோடு வைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். 30 ஆண்டுகளுக்கு முன் 1 கோடிக்கும் மேல் கழுதைகள் வைத்திருந்த சீனாவில் இப்போது 20 லட்சம்கூட இல்லை. இந்தியாவில் 7 ஆண்டுகளில் 60 சதவிகிதத்துக்கும் மேல் காணாமல் போய்விட்டன. 'கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சு' என்று நம் ஊரில் சொல்வது, பல நாடுகளில் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

ஏன்? எந்த நாட்டில் எவ்வளவு? இதில் நமக்கு என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உலகத்தில் மொத்தம் எத்தனை கழுதைகள்?

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் தரவுகளின்படி, உலகில் சுமார் 5 கோடி கழுதைகள் இருக்கின்றன. இவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில். அடுத்த இடம் ஆசியாவுக்கு. மீதி லத்தீன் அமெரிக்காவில். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் பட்டியலின் அடியில்.

நாடுகள் வாரியாகப் பார்த்தால் முதல் இடம் எத்தியோப்பியாவுக்கு. அங்கே மட்டும் கிட்டத்தட்ட 1 கோடி. சூடானில் 70 லட்சத்துக்கும் மேல். பாகிஸ்தான், சாட் ஆகியவையும் முன்வரிசையில் நிற்கின்றன.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். கழுதை வேறு, கோவேறு கழுதை வேறு. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. அதைக் கணக்கெடுப்பில் தனியாகவே எண்ணுவார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் கழுதைக்கு மட்டும்.

எத்தனை பேருக்கு ஒரு கழுதை?

வெறும் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் படம் முழுசாகத் தெரியாது. மக்கள் தொகையோடு வகுத்துப் பார்ப்போம். தோராயமான கணக்குதான்.

* எத்தியோப்பியா: 13 பேருக்கு ஒரு கழுதை
* கென்யா: 40 பேருக்கு ஒன்று
* பாகிஸ்தான்: 40 பேருக்கு ஒன்று
* சீனா: 700 பேருக்கும் மேல் ஒன்று
* இந்தியா: 11 ஆயிரம் பேருக்கு ஒன்று

எத்தியோப்பியாவில் கழுதை என்பது நம் ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி. அநேகமாக ஒவ்வொரு கிராமத்து வீட்டோடும் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் ஒரு சின்ன டவுனுக்கு ஒரு கழுதைகூட இல்லை என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் நிலவரம்.

ஆப்பிரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு?

முதல் காரணம், கழுதையின் சொந்த ஊரே அதுதான். உலகம் முழுவதும் உள்ள கழுதைகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 7 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் கழுதை முதன்முதலாக வீட்டு விலங்காக்கப்பட்டது, அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது என்று அந்த ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது காரணம், தட்பவெப்பம். கழுதை வறண்ட நிலத்துக்கென்றே அமைந்த விலங்கு. மாடு முகர்ந்துகூடப் பார்க்காத காய்ந்த புல்லையும் சருகையும் தின்று வாழும். தண்ணீர் குறைவாகக் கிடைத்தாலும் தாங்கும். அதனால்தான் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே மேற்கிலிருந்து கிழக்காக நீளும் வறண்ட பகுதியில், அதாவது மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட், சூடான், எத்தியோப்பியா என்ற வரிசையில், கழுதைகள் குவிந்திருக்கின்றன. மழைக்காடுகள் நிறைந்த மத்திய ஆப்பிரிக்காவில் கழுதையைப் பார்ப்பது அபூர்வம்.

மூன்றாவது காரணம், தேவை. குடிதண்ணீர், விறகு, சந்தைக்குப் போகும் தானிய மூட்டை என எல்லாம் ஏறுவது கழுதை முதுகில்தான். இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுபவை. கழுதை இருக்கும் வீட்டில் பெண்ணின் முதுகு தப்பிக்கிறது, பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. கழுதை இல்லாதவன் தானே கழுதை ஆகிறான் என்ற பொருளில் எத்தியோப்பியாவில் ஒரு சொலவடையே உண்டு.

பெட்ரோல் தீர்ந்துபோனால் கழுதையின் மதிப்பு இன்னும் ஏறும். 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு எரிபொருள் தட்டுப்பாட்டில் மக்கள் கழுதை வண்டிகளை நம்பினார்கள். காஸாவிலும் இதே நிலைதான். காயம்பட்டவர்கள், தண்ணீர் கேன்கள், இடம்பெயரும் குடும்பங்கள் எல்லாவற்றையும் கழுதை வண்டிகள் சுமந்ததை நாம் செய்தியில் பார்த்தோம்.

இதில் ஒரு வேதனையான முரண். இத்தனை கோடி வீட்டுக் கழுதைகளுக்கும் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. எத்தியோப்பியா, எரித்திரியா பாலைநிலங்களில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த காட்டுக் கழுதைகள் அதிகபட்சம் 200 என்பது மதிப்பீடு.

சீனாவில் 1 கோடி கழுதைகள் என்ன ஆயின?

1990-களின் தொடக்கத்தில் உலகிலேயே கழுதைகள் அதிகம் இருந்த நாடு சீனா. சுமார் 1 கோடியே 10 லட்சம். அப்புறம் டிராக்டர் வந்தது, சாலை வந்தது, கிராமத்து இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கழுதைக்கு வேலை போச்சு. எல்லா நாட்டிலும் நடக்கும் கதைதான் இது.

ஆனால் சீனாவில் கூடுதலாக இன்னொரு கதையும் உண்டு. அதன் பெயர் எஜியாவோ.

கழுதைத் தோலைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, அதிலிருந்து எடுக்கும் பசை போன்ற ஜெலட்டின்தான் எஜியாவோ. ஷாண்டோங் மாகாணத்தின் டோங்-எ பகுதி இதற்குப் பேர்போனது. சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் ரத்தத்தை விருத்தி செய்யும், இளமையைக் காக்கும் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். முன்பு பணக்காரர்களின் பொருளாக இருந்தது, சீனாவில் நடுத்தர வர்க்கம் வளர்ந்தபோது கடைக்குக் கடை வந்துவிட்டது. 2011-ல் ஒளிபரப்பான ஓர் அரண்மனை சீரியலில் எஜியாவோ இடம்பெற்றதும் கிராக்கி இன்னும் கூடியது.

சொல்லப்படும் பலன்களுக்கு அறிவியல்பூர்வமான உறுதியான ஆதாரம் போதவில்லை. ஆனால் சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. 2013-ல் 3,200 டன்னாக இருந்த எஜியாவோ உற்பத்தி 2016-ல் 5,600 டன்னாக எகிறியது.

உள்நாட்டில் கழுதை இல்லை. உற்பத்தியோ ஏறுகிறது. அப்போ தோல் எங்கிருந்து வரும்? வெளிநாட்டிலிருந்துதான். கழுதைத் தோல் மீதான இறக்குமதி வரியைச் சீனா 2018 ஜனவரியில் 5 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகக் குறைத்தது. இப்போது ஆண்டுக்குக் குறைந்தது 59 லட்சம் தோல்கள் தேவைப்படுவதாக பிரிட்டனைச் சேர்ந்த கழுதை நலத் தொண்டு நிறுவனமான 'டாங்கி சாங்சுவரி' மதிப்பிடுகிறது. அதாவது உலகில் உள்ள 10 கழுதைகளில் ஒன்றுக்கும் மேல், ஒவ்வோர் ஆண்டும்!

பண்ணை வைத்து வளர்த்தால் என்ன?

நியாயமான கேள்விதான். கோழி, பன்றி போல வளர்க்க வேண்டியதுதானே?

கழுதை சுமார் 12 மாதம் கர்ப்பமாக இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்தக் குட்டி வளர்ந்து தான் ஒரு குட்டி போடத் தயாராவதற்கு இன்னும் 2, 3 ஆண்டுகள் ஆகும். பன்றி நான்கு மாதத்துக்குள் பத்துக் குட்டி வரை போட்டுவிடும். இந்த வேகத்தோடு கழுதை போட்டி போட முடியாது. சீனாவிலேயே பெரிய கழுதைப் பண்ணைகள் இருந்தும், தோல் தேவையை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை.

பிறக்கும் வேகத்தைவிடக் கொல்லும் வேகம் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு தெரிய வேண்டியதில்லை.

கென்யாவில் நடந்தது என்ன?

இந்த வியாபாரம் ஓர் ஏழை நாட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யா நல்ல உதாரணம்.

2009 கணக்கெடுப்பில் கென்யாவில் சுமார் 18 லட்சம் கழுதைகள். 2016-லிருந்து கழுதைகளுக்கென்றே இறைச்சிக்கூடங்களுக்கு உரிமம் தரப்பட்டது. மொத்தம் நான்கு. 2016 ஏப்ரல் முதல் 2018 டிசம்பர் வரை மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கழுதைகள் வெட்டப்பட்டன என்று அந்நாட்டின் வேளாண் மற்றும் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. இதே வேகத்தில் போனால் 2023-ல் நாட்டில் கழுதையே இருக்காது என்றும் எச்சரித்தது. 2019 கணக்கெடுப்பில் எண்ணிக்கை சுமார் 12 லட்சமாக இறங்கியிருந்தது.

வெட்டப்பட்டதெல்லாம் விலைக்கு வாங்கியவை அல்ல. இரவில் கட்டியிருந்த கழுதை காலையில் இருக்காது. தேடிப் போனால் புதர் ஓரத்தில் தோல் உரித்த உடல் மட்டும் கிடக்கும். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் ஒரே இரவில் வருமானத்தை இழந்தன. திருட்டுக் கொடுத்தவர்கள் புதுக் கழுதை வாங்கலாம் என்று போனால் விலை பல மடங்கு ஏறியிருந்தது. மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2020-ல் அரசு கழுதை வெட்டத் தடை விதித்தது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இப்படி இழுபறியாகவே போனது.

நைஜரிலும் இதே கதை. 2015-ல் 27 ஆயிரமாக இருந்த கழுதை ஏற்றுமதி, 2016-ன் முதல் ஒன்பது மாதங்களிலேயே 80 ஆயிரத்தைத் தொட்டது. அந்த ஆண்டே நைஜரும் பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவும் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. எத்தியோப்பியாவில் 2017-ல் பிஷோஃப்து நகரில் திறக்கப்பட்ட கழுதை இறைச்சிக்கூடம், மக்கள் எதிர்ப்பால் சில வாரங்களில் மூடப்பட்டது. கழுதை இறைச்சி அங்கே யாரும் சாப்பிடாத ஒன்று.

ஒரு நாடு தடை போட்டால் வியாபாரிகள் பக்கத்து நாட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எல்லை தாண்டிக் கடத்துவதும் நடக்கிறது. இதை உணர்ந்துதான் ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரி 18 அன்று அடிஸ் அபாபா உச்சி மாநாட்டில், தோலுக்காகக் கழுதைகளை வெட்டுவதற்குக் கண்டம் முழுவதும் 15 ஆண்டுத் தடை விதித்தது. ஒரு விலங்குக்காக இவ்வளவு நாடுகள் சேர்ந்து எடுத்த முக்கியமான முடிவு இது. ஆனால் இதை நாட்டுக்கு நாடு சட்டமாக்கி, எல்லையில் கண்காணித்தால்தான் பலன்.

இந்தியாவின் நிலை என்ன?

இந்தியாவில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய கால்நடைக் கணக்கெடுப்பு சொல்லும் கதை இது:

* 2007: 4.38 லட்சம்
* 2012: 3.2 லட்சம்
* 2019: 1.2 லட்சம்

2012-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் 61 சதவிகிதச் சரிவு. ராஜஸ்தான், குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சரிவு 70 சதவிகிதத்துக்கும் மேல். இவ்வளவு இழந்த பிறகும் நாட்டிலேயே கழுதைகள் அதிகம் இருப்பது ராஜஸ்தானில்தான். அங்கேயே சுமார் 23 ஆயிரம்தான்.

காரணம் என்ன? செங்கல் சூளையில் டிராக்டர் வந்தது. சலவைத் தொழிலாளர்கள் மொபெட்டுக்கும் ஆட்டோவுக்கும் மாறினார்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கழுதை வளர்ப்பவர்களை ஏளனமாகப் பார்க்கும் சமூகத்தில், அடுத்த தலைமுறை அந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை. இவற்றோடு, தோலுக்காகக் கழுதைகள் கள்ளத்தனமாக வாங்கப்படுவதையும் வெட்டப்படுவதையும் 'புரூக் இந்தியா' அமைப்பின் கள ஆய்வு 2022-ல் வெளிக்கொண்டு வந்தது. ஆந்திராவின் சில மாவட்டங்களில் கழுதை இறைச்சிக்கும் தனிச் சந்தை இருக்கிறது. உணவுக்கான விலங்குகளின் பட்டியலில் கழுதை இல்லை என்பதால் அது சட்டவிரோதம்.

தமிழ்நாட்டில் 2019 கணக்குப்படி மொத்தமே 1,500-க்கும் குறைவு. பெரும்பாணாற்றுப்படை காலத்தில் மிளகு மூட்டை சுமந்து வணிகர்களோடு நடந்த கழுதைச் சாத்துகள் இருந்த நிலம் இது. இன்று பல ஊர்களில் குழந்தைகள் கழுதையைப் பார்ப்பது கடையில் மாட்டியிருக்கும் 'என்னைப் பார் யோகம் வரும்' படத்தில் மட்டும்தான். தெருவில் சங்கு அளவில் கழுதைப் பால் விற்க வருகிறவர்கள் எப்போதாவது கண்ணில் படலாம்.

பக்கத்தில் இலங்கையில் வேறு மாதிரி. மன்னார், புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் உரிமையாளர் இல்லாத கழுதைகள் தெருவில் கூட்டமாகத் திரிகின்றன. சாலை விபத்தில் அடிபடுவது அங்கே பெரிய பிரச்சினை. மன்னாரில் அவற்றுக்கென்று ஒரு சிகிச்சை மையமே இயங்குகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குஜராத்தின் கட்ச் சிறு ரண் பகுதியில் வாழும் இந்தியக் காட்டுக் கழுதைகள் 2024 கணக்கெடுப்பில் 7,672 ஆக உயர்ந்திருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் 26 சதவிகித வளர்ச்சி. ஆனால் இது வேறு இனம். நம் வீட்டுக் கழுதையின் மூதாதை அல்ல.

மற்ற கண்டங்களில்?

பிரேசில்: வடகிழக்கின் வறண்ட பகுதியை உருவாக்கியதே கழுதைதான் என்பார்கள். மோட்டார் சைக்கிள் வந்ததும் கழுதைகளைச் சாலையில் விட்டுவிட்டார்கள். அப்படி அநாதையாகத் திரிந்தவை பாஹியா மாநில இறைச்சிக்கூடங்களுக்குப் போய், தோலாகச் சீனாவுக்குக் கப்பல் ஏறின.

அமெரிக்கா: மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச் சென்ற கழுதைகளின் வாரிசுகள் இன்றும் காட்டில் திரிகின்றன. 10 ஆயிரத்துக்கும் மேல். 1971-ல் வந்த சட்டம் இவற்றைக் காக்கிறது. எண்ணிக்கை கூடினால் பிடித்து, தத்துக் கொடுக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா: இங்கே பிரச்சினையே தலைகீழ். 1860-களில் சுமை தூக்கக் கொண்டுவந்தவை காட்டுக்குள் போய் லட்சக்கணக்கில் பெருகின. மேய்ச்சல் நிலத்தை அழிக்கின்றன என்று ஹெலிகாப்டரில் இருந்து சுடுகிறார்கள். ஒரு கழுதையின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விடுவார்கள். அது தன் கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேரும். கூட்டம் மாட்டிக்கொள்ளும். காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரில் இதை 'யூதாஸ் கழுதை' முறை என்கிறார்கள்.

ஐரோப்பா: எந்திரமயமாக்கலில் கழுதைகள் எப்போதோ கரைந்துவிட்டன. பிரான்சின் புகழ்பெற்ற புவாத்து இனக் கழுதைகள் 1977-ல் எண்ணிப் பார்த்தபோது 44 மட்டுமே இருந்தன. அதன்பின் கவனமாக இனப்பெருக்கம் செய்து மீட்டார்கள். மனது வைத்தால் மீட்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் கொஞ்சம் கவனம் தேவை. எஃப்.ஏ.ஓ. நேரில் போய்க் கழுதைகளை எண்ணுவதில்லை. நாடுகள் தரும் கணக்கைத் தொகுக்கிறது. தராத நாடுகளுக்கு மதிப்பீடு போடுகிறது. மெக்சிகோவுக்கு எஃப்.ஏ.ஓ. பட்டியலில் 30 லட்சத்துக்கும் மேல் காட்டப்படுகிறது. அந்நாட்டின் சொந்தக் கணக்கெடுப்புகளில் வருவதோ அதில் ஒரு சிறு பகுதிதான்.

நாம் சிரித்த பாகிஸ்தான் எண்ணும் அப்படித்தான். 55 லட்சம், 56, 57, 58, 59, 60 என்று ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் ஏறுவதைக் கவனித்தீர்களா? 1996, 2006 கால்நடைக் கணக்கெடுப்புகளுக்கு இடையிலான வளர்ச்சி விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. தெருவில் எண்ணிய எண் அல்ல. அதனால் அங்கே உண்மையில் கழுதை ஏறுகிறதா என்பதை அந்த அறிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. இன்னொரு பக்கம், குவாதரில் சீன முதலீட்டில் கழுதை இறைச்சிக்கூடம் வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் கதவு மூடும்போது வியாபாரம் அடுத்து எந்தக் கதவைத் தட்டும் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

கணக்கு தவறாக இருந்தால் என்ன நஷ்டம்? இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம். இல்லை என்று தெரியும்போது மீட்பதற்கு நேரம் இருக்காது. ஒரு தலைமுறைக் கழுதை உருவாக 3, 4 ஆண்டுகள் ஆகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து என்ன?

இந்தியாவில் 21-வது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்த முடிவுதான் நம் கழுதைகளின் உண்மை நிலையைச் சொல்லும். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் கழுதை, குதிரை, ஒட்டகம் வளர்க்கும் தொழில்முனைவோருக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் பண்ணை வைக்க முதலீடு உள்ளவருக்கு உதவும் திட்டம், இரண்டு கழுதையை வைத்து மணல் சுமக்கும் குடும்பத்துக்கும் போய்ச் சேர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

சீனாவில் கழுதை இல்லாமல் ஆய்வகத்திலேயே அந்த ஜெலட்டின் புரதத்தைத் தயாரிக்கலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்படுகிறது. அது நிஜமானால் தோல் வியாபாரத்தின் அழுத்தம் குறையும்.

அதுவரை, எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ ஒரு வீட்டு வாசலில் கட்டியிருக்கும் கழுதை காலையிலும் அங்கேயே நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்காவிட்டால், அன்றைக்குத் தண்ணீர் குடத்தை யார் சுமப்பார் என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும்.